சில்லு கேட்ட நாலு பாடம்

ஸ்கூல் போர்டுல ஒட்டியிருந்த லிஸ்ட்ட சில்லு மூணு தடவை படிச்சா. மூணு தடவையும் அவ பேருக்கு நேரா அதேதான் இருந்துச்சு. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு.

"ஏய், நீ எப்போடி டாக்டர் ஆனே?" கூட நின்ன தோழி முழங்கையால இடிச்சா. "ஓவியம் ஓவியம்னு என் உயிர வாங்கினியே!"

"மாத்தி ஒட்டியிருப்பாங்க."

சொல்லிட்டே சில்லு ஆபீஸ் ரூமுக்கு ஓடினா. அங்க இருந்த கிளார்க்கம்மா, கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கிட்டு, கட்டுக்குள்ள தேடி அவ ஃபாரத்த உருவிப் போட்டாங்க.

"தப்பு ஒண்ணும் இல்லையே. இதோ, பேனாவுல எழுதி, உங்கப்பா கையெழுத்தும் இருக்கு."

அந்த ஸ்கூல்ல அப்படி ஒரு வழக்கம். அடுத்த ரெண்டு வருஷத்துக்கு என்ன பாடம் வேணும்னு பிள்ளைங்க பென்சில்ல எழுதணும். ஃபாரம் ஒரு வாரம் வீட்ல இருக்கும். பேசி முடிவு பண்ணி, பெரியவங்க அது மேல பேனாவுல எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பணும்.

சில்லு ஃபாரத்தக் கையில எடுத்து, ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பாத்தா. அவளுக்கு எப்பவுமே அழுத்தி எழுதற பழக்கம். ரப்பர் போட்டுத் தேய்ச்சும், 'உயிரியல்'ங்கிற நீல எழுத்துக்கு அடியில 'ஓவியம்' பள்ளம் பள்ளமா தெரிஞ்சுது. நீல எழுத்து அப்பாவோடது இல்ல. உருட்டி உருட்டி, ஒவ்வொரு சுழியும் திருத்தமா. அக்கா எழுத்து.

"இத மாத்தலாமா?"

"நாளைக்கு நாலு மணி வரைக்கும் மாத்தலாம். அப்பா நேர்ல வரணும். லெட்டர் குடுத்தேன், ஃபோன்ல சொன்னேன்னு எல்லாம் வந்து நிக்காதே."

அப்பா நேர்ல வரணுமாம். அதுதான் சிக்கல். ஏன்னா அந்தக் கையெழுத்தும் அப்பா போட்டது இல்ல.

அவங்க வீட்ல அது ரொம்ப நாளா நடக்கற கூத்து. அப்பாவுக்குக் கடைத்தெருவுல மூக்குக்கண்ணாடிக் கடை. காலையில ஷட்டரத் தூக்கினா ராத்திரி இறக்கற வரைக்கும் லென்ஸ் தேய்க்கிற மெஷின் முன்னாடிதான். சில்லுக்கு ஆறு வயசுல அம்மா தவறிப்போனாங்க. அதுலேர்ந்து மார்க் ஷீட்டு, சுற்றுலா அனுமதி, லீவ் லெட்டர், கடைக்கு வர்ற பார்சல் சீட்டு எல்லாத்துலயும் அப்பா கையெழுத்த அக்காதான் போடுவா. அப்பாவே ஒரு தடவை பாத்துட்டு, "என்னை விட நல்லா போடறாளே"ன்னு சிரிச்சார். அதனாலதான் சில்லு ஃபாரத்த யோசிக்காம அக்கா கையில குடுத்தா. வேற யார்கிட்ட குடுப்பா?

குடுத்தது மட்டுமா? அந்த நாலு பாடத்தையும் தேர்ந்தெடுக்க உதவினதே அக்காதான்.

போன ஞாயித்துக்கிழமை, கடை மூடியிருந்த நேரம். எத எடுக்கறது, எத விடறதுன்னு சில்லு ஒரேயடியா குழம்பிப்போய் உக்காந்திருந்தா. அக்கா அவளைக் கண் டெஸ்ட் பண்ற நாற்காலியில தள்ளி, லென்ஸ் மாத்தி மாத்திப் போடற அந்தக் கனமான வட்ட ஃப்ரேம எடுத்து மூக்குல மாட்டிவிட்டா.

"யோசிக்கக் கூடாது. ரெண்டு ரெண்டா சொல்வேன். எது தெளிவோ அத மட்டும் சொல்லு. வேதியியலா, வரலாறா?"

"வரலாறு."

"உயிரியலா, ஓவியமா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாக்கா?"

"வாயாடாதே, பேஷன்ட் மாதிரி பதில் சொல்லு."

"ஓவியம், ஓவியம், ஓவியம்!"

அப்படிக் கழிச்சுக் கழிச்சு நாலு நின்னுச்சு. வரலாறு, இலக்கியம், ஓவியம், கணக்கு. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு சில்லு முழிச்சப்போ, "அத நான் பாத்துக்கறேன், நீ போய்த் தூங்கு"ன்னு அக்கா தலையில தட்டினா. அன்னிக்கு சில்லு நிஜமாவே நிம்மதியா தூங்கினா.

ஸ்கூல் விட்டதும் நேரா கடைக்குப் போனா. கதவத் தள்ளினதுமே அப்பா மெஷின நிறுத்திட்டு எழுந்தார்.

"வாங்க, கண் டாக்டரம்மா! ஸ்கூல்ல லிஸ்ட் ஒட்டிட்டாங்களா?"

கண்ணாடி வாங்க வந்திருந்த பெரியவர் திரும்பிப் பாத்தார். "உங்க ரெண்டாவது பொண்ணா?"

"ஆமா. பெரியவ வெளியூர் கிளம்பறா, பெரிய கண் ஆஸ்பத்திரியில வேலை. நான் கடைய என்ன பண்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். இவளே வந்து, 'நான் உயிரியல் எடுத்து இதையே படிக்கறேன்'னு சொல்லியிருக்கா பாருங்க. என்கிட்ட சொல்ல வெக்கமாம், அக்காவ விட்டுச் சொல்லியிருக்கா."

சில்லு அப்படியே நின்னா. அப்பா முகம் அவ்வளவு பூரிச்சுப் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. சுவத்துல, கடைக்கு வர்றவங்க முகத்த விதவிதமான ஃப்ரேமோட அவ வரைஞ்சு ஒட்டியிருந்த படமெல்லாம் இல்ல. எடுத்து அழகா அடுக்கி, ஒரு ரப்பர் பேண்ட் போட்டு மேஜை மேல வெச்சிருந்தார்.

"கிழிக்கலம்மா, பத்திரமா இருக்கு. அங்க உன் சர்டிஃபிகேட் வரும்ல? இப்பவே இடம் விட்டு வெச்சேன்."

அக்கா பின்னாடி ரூம்ல ஃப்ரேம் துடைச்சிட்டிருந்தா. சில்லு உள்ள போய் கதவச் சாத்தினா. அக்கா நிமிரல. அதுலயே எல்லாம் தெரிஞ்சுபோச்சு.

"நான் எப்போக்கா அப்படிச் சொன்னேன்?"

"மெதுவா பேசு. ஆள் இருக்காங்க."

"எப்போ சொன்னேன்?"

அக்கா துணிய மடிச்சா. மறுபடி பிரிச்சா. "மூணு வருஷம் முன்னாடி நான் வேலைக்குப் போறேன்னு கேட்டப்போ என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? அப்பா கோவம் வந்தா கத்தற ஆள் இல்ல. பேச்ச நிறுத்திருவார். அந்தத் தடவை இருபது நாள் வீட்ல தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். கடைசியில அக்காதான் வேலை வேண்டாம்னு எழுதிப் போட்டா.

"இந்தத் தடவையும் கேட்டேன். 'போ, ஆனா கடைய யாரு பாப்பா?'ன்னு மட்டும் கேட்டார். எனக்குப் பயம் வந்துருச்சு. 'சில்லு பாத்துக்குவா'ன்னு வாயில வந்துருச்சு. உடனே 'எப்போ கிளம்பணும்?'னு கேட்டார்டி. அவரே கேட்டார். அதுக்கப்புறம் எப்படித் திருப்பி எடுக்கறது?"

"வாயில வந்தது சரி. என் எழுத்த ரப்பர் போட்டு அழிச்சியே, அதுவும் தானா வந்துச்சா?"

அக்கா துடைச்ச ஃப்ரேமையே எடுத்து மறுபடி துடைச்சா.

"வேற யாராவது பண்ணியிருந்தா, ஏதோ தெரியாம பண்ணிட்டாங்கன்னு விட்டிருப்பேன். நீதானே ஒவ்வொண்ணா கேட்டே? உன்கிட்டதானே சொன்னேன்?"

"படம் வரையறத யாரு வேண்டாங்கறா? ஞாயித்துக்கிழமை வரையேன். எனக்கு இருபத்தேழு ஆச்சு, சில்லு. உனக்குத் தலை பின்னி, சோறு கட்டி, இந்த ரூம்லயே என் வயசு போயிருச்சு. இன்னும் பத்து நாள்ல அங்க சேரணும். இது போனா எனக்கு இன்னொண்ணு வராது."

சில்லுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அக்கா சொன்னது பொய் இல்ல, அதுதான் கொடுமை. திட்டக்கூட ஒழுங்கா வரல. 'என்கிட்ட கேட்டிருக்கலாமே'ன்னு நினைச்சா. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பா? அது அவளுக்கே தெரியல. கேக்கவே இல்லையே.

"நாளைக்கு நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு. அப்பா வந்தா மாத்திக்கலாமாம்."

அக்கா கையில இருந்த ஃப்ரேமக் கீழ வெச்சா. "ஃபாரத்தக் காட்டுவாங்க. அழிச்சதையும் கையெழுத்தையும் பாப்பார்."

"பாப்பார்."

"மார்க் ஷீட்டுக்குப் போட்டா சிரிப்பார். இதுக்குச் சிரிக்க மாட்டார்டி." அப்புறம் அக்கா குரல் மாறிருச்சு. "சரி, போ. போய்ச் சொல்லு. அவர் முகத்தப் பாத்தேல்ல? அதப் பாத்து உன்னால சொல்ல முடிஞ்சா சொல்லு."

சில்லுவால முடியாதுன்னு அக்காவுக்குத் தெரியும். சின்ன வயசுலேர்ந்து அவளோட ஒவ்வொரு பயமும் அக்காவுக்கு அத்துப்படி. அந்த நம்பிக்கையிலதான் சொல்றான்னு புரிஞ்சப்போ, ஃபாரத்தப் பாத்தப்போ வலிச்சத விட இது அதிகமா வலிச்சுது.

கதவத் திறந்தா. பெரியவர் போயிட்டார். அப்பா சுவத்துல பழைய டேப் ஒட்டியிருந்த இடத்த நகத்தால சுரண்டிட்டிருந்தார். சொல்லாம விட்டா இன்னிக்கு எல்லாரும் சிரிச்சிட்டே சாப்பிடலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு.

"அப்பா, நாளைக்கு நீங்க ஸ்கூலுக்கு வரணும்."

"எதுக்குமா? கையெழுத்துன்னா அக்கா வருவாளே."

"அக்கா வேண்டாம். நீங்க வரணும்." சில்லு மேஜை மேல இருந்த படங்கள எடுத்துக்கிட்டா. "நான் உயிரியல் கேக்கவே இல்லப்பா."

அப்பா கை சுவத்துலயே நின்னுச்சு. அவளப் பாத்தார். அப்புறம் அவ தோளுக்குப் பின்னாடி, வாசப்படியில வந்து நின்ன அக்காவப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். தெருவுல ஒரு ஆட்டோ விடாம ஹாரன் அடிச்சிட்டே போச்சு.

"எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டார். யாரைப் பாத்துக் கேட்டார்னு தெரியல.

"மூணு மணிக்குப் போனா போதும்பா."

"அந்த நேரம் கடையில யாரு இருக்கறது?"

சில்லு திரும்பல. திரும்பற தைரியம் இல்ல.

"நான் இருக்கேன்பா"ன்னு பின்னாடி அக்கா சொன்னா.