வெள்ளிக்கிழமை ஓவர்டைம்

பெட்டிக்குள் கிடந்த புருசன் யோசேப்பின் விரல்களில் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள் மேரிசெலின். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவேயில்லை. அப்போதுதான் ஒரு ஜப்பான்காரர் உள்ளே வந்து, சவப்பெட்டிக்கு முன்னால் இடுப்புவரை வளைந்தார். ஹொல்ஸ்டெப்ரோ ஆஸ்பத்திரிச் சிற்றாலயம் சின்னது. அவர் நிமிரும்வரை பாதிரியார் சுவரோடு ஒட்டி நின்றார்.

"ஆரடா இது?"

"சுகியாமா, அக்கா. அத்தான்ர பாக்டரிக்கு மெஷின் பூட்ட வந்தவர்," என்றான் தம்பி பேதுரு.

சுகியாமா பையிலிருந்து ஒரு போத்தலும் இரண்டு குட்டிக் கோப்பைகளும் எடுத்தார். ஒன்றில் வார்த்து மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்தார். அரிசிச் சாராயம் மணத்தது.

"அந்தாளுக்குச் சொல்லு, இவர் குடிக்கிறேல்லை. பிள்ளைக்குக் காய்ச்சலெண்டு மடுமாதாவுக்கு நேர்த்தி வைச்சுக் குடியை விட்டவர்."

பிள்ளை பிழைக்கவில்லை. அவள் அறிய யோசேப் நேர்த்தியை முறிக்கவில்லை. கூடவே, பிள்ளையின் பேரை வீட்டில் எடுக்கக்கூடாதென்று புதுச் சட்டமும் போட்டார். எண்பத்தைந்தில் டென்மார்க் வந்த பிறகும் அந்தப் பேர் மேரிசெலினின் வாயைத் தாண்டவில்லை.

பேதுரு தன் சப்பாத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தான்.

"வெள்ளிக்கிழமை ஓவர்டைம் எண்டு அத்தான் சொன்னது... இவற்ற அறையிலைதான், அக்கா."

"நீயும் போனனியோ?"

"சும்மா... கச்சான் கொறிக்க."

யோசேப்புக்கும் சுகியாமாவுக்கும் தெரிந்த டேனிஷைச் சேர்த்தாலும் ஒரு பாண் வாங்கக் காணாது. அதை வைத்துக்கொண்டு வெள்ளிக்கு வெள்ளி என்னத்தைக் கதைத்தார்கள்?

சுகியாமா அவளைப் பார்த்துப் பிள்ளையின் பேரைச் சொன்னார்: "செலீனா."

தன் தொடை உயரத்தில் கையை வைத்துக் காட்டினார். செருப்பொன்றைக் கழற்றுவதுபோலப் பாவனை செய்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

அப்பா வேலைக்குப் போகக்கூடாதென்று பிள்ளை செருப்பை ஒளித்த கதை. மேரிசெலின் இத்தனை வருசமும் விழுங்கி வைத்திருந்த கதை.

"என்ர வாயைப் பொத்திப்போட்டு," என்றாள் பெட்டிக்குள் பார்த்து, "இந்தாளிட்டையோ போய்ச் சொன்னனீங்கள்?"

"வெறியிலை கதைச்சதை விடிஞ்சா ஒருத்தரும் கிளறமாட்டினமாம், அக்கா. அவையின்ர நாட்டிலை அப்பிடியாம்."

"நல்ல நாடு."

சுகியாமா போகவில்லை. மற்றக் கோப்பையை வெறுமையாக இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"இன்னும் என்னவாம்?"

"தன்ர கோப்பைக்குத் தானே வாக்கக்கூடாதாம். அவருக்கு அத்தான்தான் வாக்கிறவர்."

பாதிரியார் மணிக்கூட்டைப் பார்த்தார். பேதுரு போத்தலுக்குக் கை நீட்டினான். மேரிசெலின் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். சுகியாமாவிடமிருந்து கோப்பையை வாங்கி, தனக்கு வார்க்கும்படி அவர் முன்னாலேயே நீட்டிப் பிடித்தாள்.

"மிச்சத்தையும் சொல்லச் சொல்லு."

சுகியாமா பேதுருவைப் பார்த்தார். பிறகு அவர் போத்தலைத் தூக்கினார். கோப்பையின் விளிம்புவரை வார்த்தார்.