பிடித்துக்கொண்டால் நிற்காதே

அப்பாவின் பழைய பிக்கப்பில் ஸ்டார்ட்டர் வேலை செய்து பதினோரு வருடம் ஆகிறது. அதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் அப்பாவும் தள்ளுவோம். மாமா இரண்டாம் கியரில் கிளட்சை விடுவார். ஒரே சட்டம்தான்: இன்ஜின் பிடித்துக்கொண்டால் போய்ச் சேரும்வரை நிறுத்தக் கூடாது. தள்ளியவர்கள் நடந்து வரலாம்.

போன மாதம் அதை மாமா தலையில் கட்டிவிட்டு அப்பா புது பிக்கப் எடுத்தார். கியர் தானாக மாறும். கதவு திறந்திருந்தால் பேசும்.

இன்று உச்சி வெயிலில், மரமே இல்லாத ரோட்டில் புது வண்டி நின்றது. பின்னால் நாற்பது பெட்டி கோழிக்குஞ்சுகள், நேற்று முட்டையிலிருந்து வந்தவை. வண்டி ஓடினால் காற்று, நின்றால் அடுப்பு. பழக்க தோஷத்தில் நூறடி தள்ளிவிட்டுத்தான் மெக்கானிக்குக்குப் போன் செய்தோம்.

"அண்ணே, அதுல கிளட்சே இல்ல. ராத்திரி வரைக்கும் தள்ளினாலும் கிளம்பாது. லேப்டாப் மாட்டினாத்தான் என்னன்னு தெரியும். நாளைக்கு வர்றேன்."

அப்பா மீசையைத் தடவிக்கொண்டு மாமாவை அழைத்தார். பழைய வண்டி இருமிக்கொண்டு வந்து சேர்ந்தது.

"என்ன மச்சான், நடுரோட்டுல டிவி பாக்குறீங்களா?" என்றார் மாமா, மின்னிக்கொண்டிருந்த திரையைப் பார்த்து.

"வாயை மூடிட்டுப் பெட்டியைத் தூக்குடா."

பழைய வண்டியின் இன்ஜினை அணைக்காமல் மூவரும் பெட்டிகளை மாற்றினோம். இருபதாவது பெட்டியில் அது தானாக அணைந்தது. மாமா ஸ்டீயரிங்குக்கு ஓடினார். அப்பா, "தள்ளுடா!" என்றார். தள்ளினோம். பிடித்துக்கொண்டது.

மாமா சட்டத்தை மதிப்பவர். போய்விட்டார்.

"பாதிதான்டா ஏத்திருக்கு! நில்லுடா!"

ஜன்னல் வழியாகக் கை மட்டும் வெளியே வந்து, 'பரவாயில்லை, இருக்கட்டும்' என்பதுபோல் ஆடியது. போன் செய்தோம். மாமாவின் போன் புது வண்டியின் சீட்டில் ஒலித்தது. பெட்டி தூக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று அங்கே வைத்திருந்தார். பண்ணைக்குப் போய், பெட்டியை எண்ணி, திரும்பி வர ஒன்றரை மணி நேரம்.

மீதிப் பெட்டிகளை வண்டியின் நிழலில் வைத்தோம். நிழல் இரண்டு சாண் அகலம்தான் இருந்தது. அட்டையால் விசிறினோம்.

"கதவு திறந்திருக்கிறது," என்றது வண்டி, இனிமையாக.

"அதாச்சும் தெரியுதே உனக்கு," என்றார் அப்பா.

கீச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அப்பா மண்டியிட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டார். எட்டாவது பெட்டியில் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்.