வெண்மதி எடுத்த தொண்ணூற்றிரண்டு

1
இந்தக் கதை ஒரு சிறுமியின் கன்னச் சுருக்கத்தைப் பார்த்துத் தோன்றியது. 2012, சிதம்பரம். மாறுகண் உள்ள குழந்தைகளுக்குக் கணினி விளையாட்டால் பார்வைப் பயிற்சி கொடுக்கும் மையம். பெரிய கண்ணாடி ஒன்றை முகத்தில் மாட்டிவிடுவார்கள். ஒரு கண்ணுக்கு மீன் தெரியும், மற்றதற்கு வலை. இரண்டும் சேர்ந்து பார்த்தால்தான் மீன் சிக்கும்.

('அன்று நல்ல மழை' என்று தொடங்கியிருந்தேன். மழையே இல்லை. அடித்துவிட்டேன்.)

2
கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சனிக்கிழமைதோறும் ஜெயராணி தன் ஏழு வயது மகள் வெண்மதியைப் பஸ்ஸில் கூட்டிவருவாள். முதல் வாரம் முப்பது மதிப்பெண், ஆறாம் வாரம் தொண்ணூற்றிரண்டு. எண்பதைத் தாண்டினால் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொய் மதிப்பெண்ணால் தள்ளிப்போனால் அந்த மாறுகண் பார்க்கவே மறந்துவிடும்.

கருவியை இயக்கிய செம்பியன் எதையும் கவனிக்காமல்...

[செம்பியன் என்று யாரும் கிடையாது. இயக்கியவன் நான். கவனித்தேன். கண்ணாடிக்குக் கீழே ஒரு கன்னம் சுருங்கியது, உடனே மறு கன்னம். கண்களை மாற்றி மாற்றி மூடி ஏமாற்றுகிறாள். தெரிந்தேதான் மதிப்பெண்ணை எழுதினேன். மையத்துக்கும் நல்ல பெயர் வேண்டுமே.]

3
ஜெயராணிக்கு என்மேல் முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை. மதிப்பெண் ஏறுகிறது, மகளின் கண்ணோ இன்னும் ஒதுங்கித்தான் நிற்கிறது. என் பேனாவை வாங்கி, மூடியை மகளிடம் கொடுத்து, பேனாவை நீட்டி மூடச் சொன்னாள். மூன்று முறையும் மூடி பேனாவைத் தொடாமல் ஒரு விரல்கடை தள்ளிப் போனது; இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கவில்லை.

"கண்ண மாத்தி மாத்தி மூடிக்கினு ஆடுனியா?"

வெண்மதி தலையைக் குனிந்துகொண்டாள். "எண்பது வந்தா வெட்ட மாட்டாங்கன்னு நீதானம்மா சொன்ன."

ஜெயராணி பேனாவைத் திருப்பித் தரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், ஒங்களுக்கு இது தெரியுமா?"

4
முதல் முடிவு: தெரியும் என்கிறேன். பயிற்சி மறுபடி முதலிலிருந்து. (நண்பர்களிடம் இப்படித்தான் சொல்லிவருகிறேன்.)

இரண்டாவது: தெரியாது என்கிறேன். அவள் நம்பிவிடுகிறாள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எது நடந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் நம்பத்தகுந்த ஆள் இல்லை. டாக்டரின் அறைக் கதவு திறக்கிறது. மதிப்பெண் எழுதிய சீட்டு என் கையில், பேனா ஜெயராணி கையில். இந்தப் பக்கத்தில் எத்தனையோ அடித்துவிட்டேன். அந்தத் தொண்ணூற்றிரண்டை மட்டும் நீங்கள் வந்து அடியுங்கள்.