கத்தரிக்கோல் குற்றவாளி

தையல்காரிக்குக் கோபம் வந்தால் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். அன்று வீடே அதிரும்படி ஓடியது.

காரணம், காலையில் கிளினிக்கில் கேட்ட செய்தி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருமா என்று பார்க்கும் பரிசோதனைக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாமல், வயசாகிறதே என்றுதான் போயிருந்தாள். "ஹெச்பிவி வைரஸ் இருக்குக்கா. புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க. இது தாம்பத்தியத்துல ஒட்டிக்கிறது..." என்று நர்ஸ் ஆரம்பித்ததுதான் தாமதம், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மீதியை யார் கேட்டது? ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்று தினமும் நாலு வீட்டுக்குள் போய்வரும் தன் வீட்டுக்காரர் முகம்தான் கண்முன் நின்றது.

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அவர் எதைக் கேட்டாலும் மெஷின்தான் பதில் சொன்னது. மனுஷன் சொல்லாமலே பாத்திரம் துலக்கினார், துணி மடித்தார். தப்புப் பண்ணினவன்தான் இப்படிக் குழைவான் என்று சந்தேகம் இன்னும் வலுத்தது. இத்தனை வருஷக் குடித்தனம் போச்சே என்று உள்ளுக்குள் அழுதாள்.

நாலாம் நாள் பொறுக்கமுடியாமல் நர்ஸிடமே போனாள். "இது எப்போ வந்திருக்கும் சிஸ்டர்?"

"யாராலயும் சொல்ல முடியாதுக்கா. வருஷக்கணக்கா சத்தமில்லாமக் கிடந்துட்டு இப்பத் தலைகாட்டும். யார்கிட்டேருந்து யாருக்குன்னும் தெரியாது. முக்காவாசிப் பேருக்கு எப்பவாவது வந்துட்டுப் போறதுதான். அனேகமாத் தானாப் போயிடும். போயிடுச்சான்னு அடுத்த வருஷம் பாக்கணும். இதைச் சொல்றதுக்குள்ள நீங்கதான் ஓடிட்டீங்க."

அசடு வழிய வீடு திரும்பினாள். வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார், கையில் அவளுடைய பெரிய கத்தரிக்கோல். அதில் காகிதம் வெட்டினாலே அந்த வீட்டில் கொலைக்குற்றம்.

"நீ ஏன் பேசலன்னு தெரியும்" என்றார். "ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை இதாலதான் வெட்டினேன். சாணை பிடிச்சு வெச்சா உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்: வைரஸ், அது ஒட்டும் விதம், யாரிடமிருந்து வந்தது என்று தெரியாதது உட்பட. சொல்லி முடித்து அவர் முகத்தையே பார்த்தாள். சந்தேகப்படுவது இப்போது அவருடைய முறை.

"உனக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. அடுத்த வருஷம் மறுபடி பாக்கணும்."

"நானும் கூட வரேன்."

அவ்வளவுதான். நாலு நாளாக அவளைக் குடைந்த கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்கோலை வாங்கி ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பார்த்தாள். அது துணியை மென்றது.

"ரப்பர் மட்டும்தானா?"

அவர் தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் தகரமும்."

அன்று சாயங்காலமும் அவள் அவரிடம் பேசவில்லை. ஆனால் மெஷின் மெதுவாகத்தான் ஓடியது.