மருமகளுக்கு மட்டும் வந்த கொரோனா

"பால் குடுக்கறேன்னுகினு வெளிய வந்தே, அவ்ளோதான்!" என்று கத்திவிட்டு, லோகநாயகி படுக்கையறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து போட்டாள்.

உள்ளே எழிலரசிக்கு மார் கட்டி ரவிக்கை நனைந்தது. கூடத்தில் அவள் கைக்குழந்தை வீறிட்ட வீறலில் முகப்பேர் முழுக்கக் காக்கைகள் பறந்திருக்கும். அன்று காலைதான் அவளுக்குக் கொரோனா என்று தெரிந்தது. கணவன் வரதனுக்கும் அதேதான். ஆனால் வரதன் முகக்கவசம்கூட இல்லாமல், இருமிக்கொண்டே குழந்தையின் முகத்துக்கு நேரே கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அவருக்கும்தானே அத்தை வந்திருக்கு?"

"அவன் ஆம்பள. கஷாயம் குட்ச்சா போய்டும். உம் பாலு வழியா கொழந்தைக்கு ஏறிகினா இன்னா பண்ணுவே?"

லோகநாயகி பவுடர் பாலைக் கரைத்து வந்தாள். குழந்தை முதல் கரண்டியை அவள் புடவையிலும், இரண்டாவதை வரதன் மீசையிலும் துப்பியது.

எழிலரசி குழந்தை மருத்துவர் ஷோபனாவுக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டிக் கதவிடுக்கில் வைத்தாள்.

"பால் வழியா இது பரவாதும்மா. மாஸ்க் போட்டு, கையைச் சோப்புல நல்லாக் கழுவிட்டுத் தாராளமாக் குடு. வீட்ல வேற யாருக்கு இருக்கு?"

"அவருக்கு. குழந்தையைக் கொஞ்சிட்டிருக்கார் டாக்டர்."

"மாஸ்க் இல்லாமயா? முதல்ல அந்த ஆளைத் தள்ளி உக்கார வைங்க!"

லோகநாயகி அசையவில்லை. "அதுவும் பொம்பளதானே, உம் பக்கந்தான் பேசும்."

எழிலரசி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள்.

"சாவித்திரி அக்கா! எங்க வீட்ல எனக்கு மட்டுமில்ல..."

மகனுக்கும் வந்ததை எதிர்வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்திருந்த லோகநாயகி பாய்ந்து வந்து தாழ்ப்பாளை இழுத்தாள். "மானத்த வாங்காதே! இந்தா, எட்த்துக்க!"

எழிலரசி நேரே குளியலறைக்குப் போய்க் கைகழுவி வந்து குழந்தையை வாங்கினாள். வாய் வைத்த கணமே வீடு அமைதியானது.

"நீங்க அந்த ரூமுக்குப் போங்க" என்றாள் கணவனிடம்.

வரதன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சுவரைப் பார்த்தாள். அவன் போனான்.

மாலையில் லோகநாயகி நாத்தனாரிடம் போனில் அழுதுகொண்டிருந்தாள்: "பாவம் எம்புள்ள, தனியா கீறான். எல்லாம் பொண்டாட்டிகிட்டேர்ந்து ஒட்டிகினுச்சு."

நண்பன் கல்யாணத்துக்குத் திருவேற்காடு போய்க் காய்ச்சலோடு வந்தவன் வரதன்.

எழிலரசி குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.