காலண்டருக்குப் பின்னால்

அழகமுத்து கண்டியில் ஒரு புடவைக் கடையில் ஆயுசெல்லாம் நின்று உழைத்து, ஹுன்னஸ்கிரிய போகும் வழியில் கட்டிய வீடு. குடிவந்த முதல் மழைக்கே கூடத்துச் சுவர் வெடித்துவிட்டது. கட்டிக்கொடுத்த மேஸ்திரி ஜவாஹிர் பாஸ் தன் வேலையில் பிழையே இல்லை என்று சாதித்தார். கோர்ட்டுக்குப் போனால் பேரப்பிள்ளை காலத்தில்தான் தீர்ப்பு வரும். அதனால் பேராதனையிலிருந்து எஞ்சினியர் விவேகானந்தனை வரவழைத்து, அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவதாக இருவரும் கையெழுத்து வைத்தார்கள்.

அவர் வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினார்.

"இது உடைஞ்சால் சுவர் இன்னும் அசையுது, அத்திவாரம் பிழை. ஜவாஹிர் திருப்பிக் கட்ட வேணும். உடையாட்டில் பூசிவிட்டால் போதும். நான் திரும்பி வருமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது."

அதற்குள் மகள் சர்மிளாவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வருகிறவர்கள் கண்ணில் முதலில் வெடித்த சுவரா பட வேண்டும்? மனைவி பாலம்மா நகைக்கடைக் காலண்டரை நீட்டினாள்.

"கண்ணாடியத் தொடாம, மேல ஆணி அடிச்சு மாட்டிருங்க."

தொடாமல்தான் மாட்டினார். வந்தவர்களுக்குப் பெண்ணையும் பிடித்தது, வீட்டையும் பிடித்தது.

எஞ்சினியர் மறுபடி வந்து காலண்டரைத் தூக்கினார். கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. வென்றுவிட்டோம் என்று அழகமுத்துவுக்கு நெஞ்சு துள்ளியது. எஞ்சினியரின் விரல் ஆணிக்குப் போனது.

"இது எப்ப அடிச்சது?"

"பொண்ணு பாக்க வந்தாங்க, ஐயா."

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "சுவர் அசைஞ்சும் உடைஞ்சிருக்கலாம், சுத்தியல் அடிச்ச அதிர்விலயும் உடைஞ்சிருக்கலாம். எதெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"இன்னொண்ணு ஒட்டிப் பாருங்க, ஐயா."

"நான் கையெழுத்து வச்சது அந்தக் கண்ணாடிக்கி," என்றார் ஜவாஹிர், குரலை உயர்த்தாமல். "அத நான் ஒடைக்கல்லயே, அண்ணே."

காரணம் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு எஞ்சினியர் போய்விட்டார். நேர்மையான மனிதர். அதனால் அவரைத் திட்டவும் அழகமுத்துவுக்கு வாய் வரவில்லை. ஆணி அடித்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விடவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்த வாரம், வெடிப்பு காலண்டருக்கு மேலே தலைகாட்டியது.

"இதவிடப் பெரிய காலண்டர் கெடைக்குமாங்க?" என்று கேட்டாள் பாலம்மா.

அழகமுத்து குடையை எடுத்துக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டார்.