மெக்கானிக்கின் தலையாட்டல்

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள், கார் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் ஸ்டீயரிங் பிடித்திருந்த தன் மெக்கானிக் வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்டாள். "என்னோட இருக்கறது உங்களுக்கு அலுத்துப்போச்சா?" மெக்கானிக் ரோட்டைப் பார்த்தபடியே ஆமாம் என்று தலையை ஆட்டினார். அதுவும் நிதானமாக, இரண்டு தடவை.

அன்றோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று. ஊரார் நெஞ்சுக்கூட்டை எல்லாம் படம் பிடித்துப் பார்க்கிறவளுக்குக் கட்டின புருஷன் நெஞ்சில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. இப்போது அவரே, "சனி ஞாயிறு மலைப்பக்கம் நடந்துட்டு வரலாம், உன்கிட்ட ஒண்ணு பேசணும்" என்றதும், இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள். விட்டுப் போகிறேன் என்று சொல்ல எதற்கு மலை? வீட்டிலேயே சொல்லித் தொலைக்கலாமே.

சனிக்கிழமை ஏறியது சின்னப் பிள்ளைகள்கூட ஏறுகிற குன்று. அவள் இடப்பக்கம் வந்தால் அவர் நைசாக நழுவி மறுபக்கம் போய்விட்டார். பாதிப் பேச்சுக்குப் பதிலே இல்லை. பேச வேண்டியதையும் பேசவில்லை. மனுஷன் உயிரை வாங்கினார்.

ஞாயிறு காலை பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் கூழாங்கல் பாதை. ஷூவுக்குள் கல் புகுந்துவிட்டதென்று அவள் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முன்னால் போனவர் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

"எங்க இருக்கே?"

"இங்கதான்."

அவர் எதிர்ப்பக்கம் ஓடினார். எதிரொலியாக இருக்கும் என்று அவள் எழுந்து வந்து மறுபடி கூப்பிட்டாள். இன்னும் தள்ளிப் போனார். முகம் வெளிறிக் கிடந்தது. அவள் விறுவிறுவென்று போய் அவருடைய இடப்பக்கம் நின்று, சாதாரணமாக "என்னங்க" என்றாள். அவர் திடுக்கிட்டு வலப்பக்கம் திரும்பித் தேடினார்.

"உங்களுக்கு இந்தக் காது கேக்கலையா?" என்று முன்னால் வந்து கேட்டாள்.

மெக்கானிக் பாறையில் சாய்ந்துகொண்டார். "அதைச் சொல்லத்தான் கூட்டிட்டு வந்தேன். நேத்து முழுக்க வாய் வரலை. எட்டு மாசம் ஆச்சு. ஒருநாள் காலையில எந்திரிச்சா அடைச்சுக்கிட்டிருந்தது. அதுலேர்ந்து சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னே பிடிபடறதில்லை. லேட்டா வந்துட்டீங்க, இனி திரும்பாது, வேற பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்ற ஆளுன்னு வர்றாங்க. ஒத்தைக் காதுன்னு தெரிஞ்சா எவன் என்கிட்ட வண்டியை விடுவான்?"

"அப்ப கார்ல நான் பேசுறதெல்லாம்?"

"வண்டிச் சத்தத்துல, நீ இந்தப் பக்கம் உக்காந்து பேசினா ஒண்ணும் கேக்காது. சும்மா தலையாட்டிடுவேன். நீ சொல்றது பெரும்பாலும் நியாயமாத்தானே இருக்கும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. புருஷனுக்குக் காது போயிருக்கிறது, பெண்டாட்டி சந்தோஷத்தில் மிதக்கிறாள். இந்தக் கூத்தை வெளியே சொல்ல முடியுமா?

"காது போச்சுங்கறேன், சிரிக்கறியே."

"போனா போகட்டும், இன்னொண்ணு இருக்குல்ல. ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவகிட்டயே மறைச்சீங்க பாருங்க, நல்ல ஆளு நீங்க."

மீதிப் பாதை முழுக்க அவள் வலப்பக்கமே நடந்தாள். மூன்று மாதத்துப் பேச்சைச் சேர்த்து வைத்துப் பேசினாள். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. பிஸ்கட் பாக்கெட் காலியானது. பாறைகள் விலகி வெயில் தெரிந்த இடத்தில்தான், எந்தக் கேள்விக்கு அவர் தலையாட்டினார் என்று சொன்னாள்.

அவர் நின்றுவிட்டார். "அதுக்கா ஆட்டினேன்? மூணு மாசமா அதை மனசுல வச்சுக்கிட்டா எனக்கு டிபன் கட்டிக் கொடுத்தே?"

"பின்னே, பட்டினி போடச் சொல்றீங்களா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பக் கேளு."

"வேணாம், விடுங்க."

"கேளுங்கறேன்."

கேட்டாள். "இல்லைடி" என்றார் மெக்கானிக். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறதென்று அவருக்கே தெரியவில்லை. ரொம்ப தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.